தங்கைக்கு எழுதிவைத்த புகையிலை: வாஷிங்டன் குடும்பத்தின் வேரை உயில்கள் காட்டிக்கொடுத்த கதை

1675 செப்டம்பரில், அப்போது ஆங்கிலேயக் குடியேற்றமாக இருந்த வர்ஜீனியாவில், ஜான் வாஷிங்டன் என்ற நிலக்கிழார் உயில் எழுதினார். எந்தத் தோட்டம் எந்தப் பிள்ளைக்கு, எத்தனை மாடு யாருக்கு என்று நீளும் அந்த உயிலின் நடுவே தங்கை மார்த்தாவுக்கும் ஓர் இடம் உண்டு. இங்கிலாந்தில் தனக்கு இருக்கும் பணத்திலிருந்து 10 பவுண்டு அவளுக்கு. அவள் கப்பலேறி வந்த செலவும், வந்த பிறகு ஓராண்டு அவளை வைத்துப் பார்த்துக்கொண்ட செலவும் அவள் தரவேண்டிய கடன், அதையும் தள்ளிவிடுகிறார். கூடவே 4,000 பவுண்டு எடைப் புகையிலை. வர்ஜீனியாவில் அன்று புகையிலைதான் பணம்.

இந்த ஜான், அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனுடைய அப்பாவின் தாத்தா. இங்கிலாந்தில் அவர் எந்த ஊர், யார் மகன் என்ற கேள்விக்குச் சரியான பதில் 1889இல்தான் வந்தது. நூறாண்டுக் குழப்பத்தைத் தீர்த்தவை அரச பட்டயங்களோ கல்வெட்டுகளோ அல்ல. சில உயில்களும், உயில் எழுதாமல் இறந்துபோன ஒரு கைம்பெண்ணின் சொத்துக்காக நீதிமன்றம் எழுதிய ஒரு பதிவும்தான். குடும்ப வரலாறு தேடுகிற எவருக்கும் நான் முதலில் சொல்ல விரும்புவது இந்த வழக்கைத்தான்.

முதல் விடையும் அதன் தவறும்

1791இல், உயர்குடும்பங்களின் சின்னங்களையும் வம்சாவளிகளையும் பதிவுசெய்யும் லண்டன் அலுவலகத்தின் தலைமை அதிகாரி சர் ஐசக் ஹேர்ட், ஜார்ஜ் வாஷிங்டனின் வம்சாவளியைத் தேடத் தொடங்கி அவருக்கே கடிதம் எழுதினார். 1792 மே 2ஆம் தேதி வாஷிங்டன் பதில் அனுப்பினார். இந்த விஷயத்தில் தான் அதிகம் கவனம் செலுத்தியதில்லை என்றும், முன்னோர் இங்கிலாந்தின் வடபகுதியிலிருந்து வந்ததாகக் கேள்வி, லங்காஷயரா யார்க்ஷயரா இன்னும் வடக்கா என்று சரியாக நினைவில்லை என்றும் அதில் இருந்தது. நாட்டின் தலைவருக்கே அப்பாவின் தாத்தாவுடைய ஊர் தெரியவில்லை. நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று யோசித்தால் இதில் வியக்க ஒன்றுமில்லை.

ஹேர்ட் தம் கையில் இருந்த குலப் பட்டியல்களைப் பார்த்தார். நார்தாம்ப்டன்ஷயரில் சல்கிரேவ் என்ற ஊரில் 16ஆம் நூற்றாண்டில் ஒரு வாஷிங்டன் குடும்பம் மாளிகை கட்டி வாழ்ந்தது. அந்த வழியில் வந்து 1616இல் இறந்த லாரன்ஸ் வாஷிங்டனுக்கு ஜான், லாரன்ஸ் என்று இரு மகன்கள். வர்ஜீனியாவுக்குப் போனவர்களும் ஜான், லாரன்ஸ் என்ற இரு சகோதரர்கள். பெயர் பொருந்திவிட்டது. ஹேர்ட் கோட்டை இழுத்துவிட்டார். பிறகு எழுதியவர்கள் எல்லோரும் அதையே பிரதியெடுத்தார்கள்.

75 ஆண்டுகள் கழித்து, 1866இல், லண்டனில் தங்கி ஆராய்ந்துவந்த அமெரிக்கரான ஜோசப் லெமுவல் செஸ்டர் அந்தக் கோட்டை அழித்தார். ஹேர்ட் சொன்ன ஜான், 1623இல் நைட் பட்டம் பெற்ற சர் ஜான் வாஷிங்டன். வர்ஜீனியாவின் ஜானோ எந்த ஆவணத்திலும் 'சர்' என்று குறிக்கப்படாதவர். ஹேர்ட் சொன்ன லாரன்ஸ், எசெக்ஸில் பர்லி என்ற ஊரின் பங்குக் குரு, அதாவது ஊர்த் தேவாலயப் பொறுப்பாளர். ஆகவே கடல் கடந்த சகோதரர்கள் இவர்களாக இருக்க முடியாது. செஸ்டர் நிறுவியதில் ஓட்டையே இல்லை. ஆனால் 'இவர்கள் இல்லை' என்பதைத்தான் அவரால் நிறுவ முடிந்தது. 'பின் யார்' என்பதற்கு விடை கிடைக்காமலே 1882இல் அவர் இறந்துபோனார்.

எல்லா உயிலையும் படித்த மனிதர்

1883இல் பாஸ்டனில் இருந்த நியூ இங்கிலாந்து மரபுவழி வரலாற்றுச் சங்கம் ஹென்றி வாட்டர்ஸ் என்பவரை லண்டனுக்கு அனுப்பியது. சாமர்செட் ஹவுஸ் கட்டடத்தில் அப்போது காண்டர்பரி பேராயரின் உயில் நீதிமன்றப் பதிவேடுகள் இருந்தன. 1858 வரை இங்கிலாந்தில் உயில் மெய்ப்பிக்கும் வேலை திருச்சபை நீதிமன்றங்களின் கையில் இருந்தது. உள்ளூரில் மட்டும் சொத்து உள்ளவரின் உயில் உள்ளூர் நீதிமன்றத்துக்குப் போகும். ஒன்றுக்கு மேற்பட்ட மறைமாவட்டங்களில் சொத்து இருந்தாலும், கடல் கடந்து இறந்தவருக்கு இங்கிலாந்தில் சொத்து இருந்தாலும் காண்டர்பரிக்கு வரும். குடியேற்றக் குடும்பங்களைத் தேடுகிறவர்கள் அந்தப் பதிவேடுகளைத் தேடி ஓடுவது இதனால்தான். இன்று அவை கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன.

மற்றவர்கள் அகரவரிசையில் தாங்கள் தேடும் குடும்பப் பெயரைப் பார்த்து அந்த உயிலை மட்டும் எடுத்துப் படிப்பார்கள். வாட்டர்ஸ் பதிவேட்டைத் திறந்து ஏடு ஏடாக எல்லாவற்றையும் படித்தார். ஒரு குடும்பத்தைப் பற்றிய உண்மை அந்தக் குடும்பப் பெயர் இல்லாத உயிலில்தான் ஒளிந்திருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த ஜான் ஹார்வர்ட், சவுத்வாக்கில் வாழ்ந்த குடும்பத்தின் பிள்ளை என்பதையும் இதே முறையில்தான் அவர் 1885இல் நிறுவினார். வாஷிங்டன் வழக்கிலும் பூட்டைத் திறந்த உயில் ஒரு வாஷிங்டன் எழுதியது அல்ல.

ஆவணங்களை அவர் கண்டெடுத்த வரிசையில் சொல்லாமல், ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும் வரிசையில் சொல்கிறேன்.

1677 மே மாதம் லண்டன் நீதிமன்றம் ஓர் உத்தரவு எழுதியது. பெட்ஃபர்ட்ஷயரின் லூட்டன் ஊரைச் சேர்ந்து, வர்ஜீனியாவில் இறந்த லாரன்ஸ் வாஷிங்டனின் சொத்தை நிர்வகிக்கும் உரிமை, அவருக்குக் கடன் கொடுத்திருந்த எட்மண்ட் ஜோன்ஸுக்கு. கடன்காரர் வசூலுக்காகப் போட்ட மனுதான். ஆனால் 'வர்ஜீனியா லாரன்ஸ்' இங்கிலாந்தில் கால் பதித்த ஊர் அந்த ஒரு வரியில் வந்துவிட்டது. லூட்டன் பங்குப் பதிவேட்டில் 1660 ஜனவரியில் லாரன்ஸ் வாஷிங்டனுக்கும் மேரி ஜோன்ஸுக்கும் நடந்த திருமணம் இருக்கிறது. வர்ஜீனியாவில் 1675இல் லாரன்ஸ் எழுதிய உயிலோ, இங்கிலாந்தில் உள்ள சொத்து முழுவதையும் மகள் மேரிக்குக் கொடுக்கிறது. இரு கரைகளும் ஒரே மனிதரைச் சொல்கின்றன.

லூட்டனிலிருந்து 20 கிலோமீட்டருக்குச் சற்றே அப்பால் ஹர்ட்ஃபர்ட்ஷயரில் ட்ரிங் என்ற சிற்றூர். அதன் திருமுழுக்குப் பதிவேட்டில் 1635 ஜூனில் லாரன்ஸ், 1636 ஆகஸ்டில் எலிசபெத், 1641 அக்டோபரில் வில்லியம். மூவருக்கும் தந்தை லாரன்ஸ் வாஷிங்டன்.

அதே ட்ரிங்கில் ஆண்ட்ரூ நோலிங் என்பவர் 1650 ஜனவரியில் உயில் எழுதினார். தன் நிலங்களையும் வீடுகளையும் ஞானமகன் லாரன்ஸ் வாஷிங்டனுக்குத் தருகிறார். அந்தப் பிள்ளையின் தாய் அம்ஃபிலிஸ் வாஷிங்டனுக்கு 60 பவுண்டு. அம்ஃபிலிஸின் மற்றப் பிள்ளைகளான ஜான், வில்லியம், எலிசபெத், மார்கரெட், மார்த்தா ஒவ்வொருவருக்கும் 28 பவுண்டு. ஒரு தாயும் ஆறு பிள்ளைகளும் பெயர் பெயராக ஒரே தாளில். இந்த வழக்கின் இதயம் இதுதான் என்பேன்.

அம்ஃபிலிஸ் 1655 ஜனவரியில் ட்ரிங்கில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் உயில் எழுதவில்லை. 1656 பிப்ரவரி 8ஆம் தேதி அவருடைய உடைமைகளை நிர்வகிக்கும் உரிமையை லண்டன் நீதிமன்றம் அவருடைய மகன் ஜான் வாஷிங்டனுக்குக் கொடுத்தது. உயில் இல்லாவிட்டால் தடயமும் இல்லை என்று பலர் கைவிட்டுவிடுவார்கள். உயில் இல்லாதபோதுதான் 'நான் யார், இறந்தவருக்கு என்ன உறவு' என்று வாரிசு நீதிமன்றத்தில் சொல்லியாக வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டிலேயே ஜான் 'சீ ஹார்ஸ் ஆஃப் லண்டன்' என்ற கப்பலில் வணிகப் பொருள்களோடு கிளம்பி வர்ஜீனியா போய்ச் சேர்ந்தார். தாயின் சொத்தைத் தீர்த்து முதல் திரட்டிக்கொண்டு கப்பலேறினார் என்பது என் ஊகம். ஓராண்டுக்கும் மேலாகக் கிடந்த வேலையை அப்போது முடித்ததற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

மருமகளா, மகளா?

ஆங்கில உறவுச்சொற்கள் எவ்வளவு மொண்ணையானவை என்பதைப் பழைய உயில் படிக்கும்போதுதான் உணர முடியும். அத்தை மகன், சித்தப்பா மகன், மாமன் மகன் என்று தனித்தனியே சொல்லி வளர்ந்த நமக்கு 'கசின்' என்ற ஒற்றைச் சொல் எப்போதுமே தலைவலி. 17ஆம் நூற்றாண்டில் அது இன்னும் மோசம். அண்ணன் மகன், கொழுந்தன் மகன், பேரன் எல்லோரும் 'கசின்'தான்.

நோலிங் தன் உயிலில் அம்ஃபிலிஸை 'டாட்டர் இன் லா' என்கிறார். இன்றைய பொருளில் அது மருமகள். அப்படிப் படித்தால் நோலிங்கின் மகன் ஒரு வாஷிங்டன் என்று ஆகி, கதை முற்றிலும் குலைந்துவிடும். அன்று அந்தச் சொல் மனைவிக்கு முந்தைய திருமணத்தில் பிறந்த மகளையும் குறித்தது. நோலிங், அம்ஃபிலிஸின் தாயுடைய இரண்டாவது கணவர். மனைவி கொண்டுவந்த மகளின் பிள்ளைகளுக்குத் தன் நிலத்தையே எழுதிவைத்த அந்த மனிதர் இல்லையென்றால் இன்றும் இந்த வம்சம் இருட்டில்தான் கிடந்திருக்கும். இரத்த உறவை மட்டுமே பார்க்கும் வம்சாவளிப் படத்தில் அவருக்கு இடமே இல்லை என்பது எனக்கு உறுத்துகிறது.

தேதிகளிலும் பொறி உண்டு. 1752 வரை இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதி. தை, மாசி, பங்குனி எல்லாம் பழைய ஆண்டோடு போய்ச் சித்திரையில்தான் புதிய ஆண்டு என்று எண்ணும் நமக்கு இது புரிவது எளிது. நோலிங்கின் உயிலில் இருப்பது 1649 ஜனவரி. நம் கணக்கில் அது 1650. அம்ஃபிலிஸின் அடக்கப் பதிவில் 1654 என்று இருக்கும். இதைத் திருத்தாமல் அடுக்கினால் சில சமயம் பிறப்புக்கு முன்னே இறப்பு வந்து நிற்கும்.

மோதிரம் வாங்கிய மாணவர்

ட்ரிங் திருமுழுக்குப் பதிவேட்டில் தந்தையாக வரும் லாரன்ஸ் வாஷிங்டன் யார்? செஸ்டர் ஒதுக்கிவைத்த அதே பர்லி பங்குக் குருதான்.

நார்தாம்ப்டன்ஷயரில் பிரிங்டன் என்ற ஊரில் எலிசபெத் வாஷிங்டன் என்ற கைம்பெண் 1623 மார்ச்சில் உயில் எழுதினார். அதில், இப்போது ஆக்ஸ்ஃபர்டில் இருக்கும் 'கசின்' லாரன்ஸ் வாஷிங்டனுக்குத் தன் கணவருடைய முத்திரை மோதிரத்தைக் கொடுக்கிறார். எலிசபெத்தின் கணவர், சல்கிரேவ் வழியில் 1616இல் இறந்த லாரன்ஸின் சகோதரர். ஆகவே இங்கே 'கசின்' என்றால் கணவரின் சகோதரர் மகன். ஆக்ஸ்ஃபர்டின் பிரேஸ்னோஸ் கல்லூரியில் படித்து, அங்கேயே ஃபெல்லோவாக (கல்லூரி ஆசிரியர் குழு உறுப்பினராக) இருந்த லாரன்ஸ் இவர்தான். கல்லூரி ஃபெல்லோக்கள் மணம் செய்துகொள்ளக் கூடாது என்பது விதி. 1633இல் அவர் அந்தப் பதவியை விட்டுப் பர்லி பங்குக்குப் போனார். பிள்ளைகளின் பெயர்கள் ட்ரிங் பதிவேட்டில் வரத் தொடங்குவதும் அதை ஒட்டித்தான்.

1643இல், உள்நாட்டுப் போரின் நடுவே, மன்னர் பக்கம் நின்ற குருமார்களை நாடாளுமன்றம் விரட்டியபோது லாரன்ஸும் பங்கை இழந்தார். அவர் சாராயக் கடையே கதியாகக் கிடந்தவர் என்று குற்றச்சாட்டு அச்சிட்டு வெளியிடப்பட்டது. எதிரிகள் எழுதிய குற்றப்பத்திரிகையை அப்படியே நம்ப நான் தயாராயில்லை. ட்ரிங் பகுதியின் திருச்சபை உயில் நீதிமன்றத் தாள்களில் நீதிபதிக்குப் பதிலாளாக லாரன்ஸ் வாஷிங்டன், எம்.ஏ. என்ற பெயரை வாட்டர்ஸ் கண்டார். வேலை போன குரு, மனைவியின் ஊர்ப் பக்கம் உயில்களுக்குச் சத்தியப் பிரமாணம் வாங்கிக்கொண்டிருந்திருக்கிறார். 1653 ஜனவரியில் எசெக்ஸின் மால்டன் ஊரில் அடக்கமானார். சொத்து என்று சொல்ல ஒன்றும் விட்டுச்செல்லவில்லை. மூத்த மகன் புகையிலை வாணிபத்துக்கு ஏன் கடலேறினான் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை.

ஆக, ஹேர்ட் முழுக்கத் தவறவில்லை. ஒரு தலைமுறை பிசகிவிட்டார். அவர் காட்டிய லாரன்ஸ் கடல் கடந்தவர் அல்ல, கடந்தவர்களின் தந்தை. அவர் காட்டிய சர் ஜான், கடந்த ஜானின் பெரியப்பாவோ சித்தப்பாவோ. தலைமுறைக்குத் தலைமுறை ஜான், லாரன்ஸ் என்று அதே பெயர்களை வைக்கும் குடும்பத்தில் பெயரை மட்டும் பார்த்து முடிவு செய்தால் இதுதான் நடக்கும். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் நம் குடும்பங்களிலும் இதே ஆபத்து காத்திருக்கிறது.

வாட்டர்ஸ் 1889 அக்டோபரில் சங்கத்தின் ஏட்டில் இதை வெளியிட்டார். ஜானின் திருமுழுக்குப் பதிவு கிடைக்காததால் சிலர் தயங்கினார்கள். தயக்கத்தைத் தீர்த்தது புகையிலை பெற்ற அந்தத் தங்கை. மார்த்தா வர்ஜீனியாவிலேயே ஹேவர்ட் என்பவரை மணந்து, 1697 மே மாதம் ஸ்டாஃபர்ட் கவுண்டியில் உயில் எழுதினார். அதில் இங்கிலாந்தில் இருந்த மூத்த சகோதரி எலிசபெத் ரம்போல்டையும், இன்னொரு சகோதரி மார்கரெட் டால்பட்டையும் மறக்காமல் குறிப்பிட்டு, அவர்களுக்கும் புகையிலை எழுதிவைத்தார். நோலிங்கின் உயிலில் 47 ஆண்டுகளுக்கு முன் வரிசையாக நின்ற எலிசபெத், மார்கரெட், மார்த்தா மூவரும் அட்லாண்டிக்கின் மறுகரையில் மறுபடி ஒன்றாக வந்துவிட்டார்கள். ஜானும் லாரன்ஸும் எங்கும் கிடைக்கும் பெயர்கள். ஐந்து உடன்பிறப்புகளின் பெயர்கள் இப்படி ஒத்துப்போவது தற்செயலாக நடக்காது.

வடக்கு என்ற நினைவு

ஜார்ஜ் ஏன் வடக்கு என்றார்? என் எண்ணத்தில் அதற்கும் ஓர் உயில் காரணம். ஜானின் மகன் லாரன்ஸ் 1698இல் இறந்தார். கைம்பெண்ணான மில்ட்ரெட், ஜார்ஜ் கேல் என்பவரை மணந்து, பிள்ளைகளோடு இங்கிலாந்தின் வடமேற்கே வைட்ஹேவன் துறைமுகத்துக்குப் போனார். 1701இல் அங்கேயே இறந்தார். பிள்ளைகளைக் கேலின் பொறுப்பில் விட்டு உயில் எழுதியிருந்தார். அவர்கள் ஆப்பில்பி பள்ளியில் படித்தார்கள். வர்ஜீனியாவில் இருந்த வாஷிங்டன் உறவினர் வழக்குப் போட்டுப் பிள்ளைகளைத் திரும்ப வரவழைத்தார். அப்படித் திரும்பிய சிறுவர்களில் ஒருவர்தான் ஜார்ஜின் தந்தை அகஸ்டின். அவர் இறந்தபோது ஜார்ஜுக்கு வயது 11. அப்பா வடக்கே படித்தார் என்ற செய்தி, முன்னோர் வடக்கிலிருந்து வந்தார்கள் என்று பிள்ளையின் நினைவில் மாறியிருக்கலாம். வீட்டுப் பேச்சைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தாளோடு ஒப்பிடாமல் அதை வம்சாவளியில் ஏற்றக் கூடாது.

அதே தாள்களில் மற்றவர்கள்

அகஸ்டினின் 1743ஆம் ஆண்டு உயிலால் 11 வயது ஜார்ஜுக்கு ஒரு பண்ணை வந்தது. கூடவே பத்து அடிமைகளும். வாஷிங்டன் குடும்பத்து உயில்களைப் படிக்கும்போது இந்த இடங்களைத் தாண்டிப் போக என்னால் முடிவதில்லை. குதிரை, கட்டில், வெள்ளிப் பாத்திரம், அதே வரிசையில் ஒரு பெண்ணின் பெயர்.

ஜார்ஜ் 1799 ஜூலையில் தன் கைப்பட எழுதிய 29 பக்க உயிலில், தனக்குச் சொந்தமான 123 அடிமைகளை மனைவி மார்த்தாவின் காலத்துக்குப் பிறகு விடுவிக்கச் சொன்னார். வில்லியம் லீ என்பவருக்கு மட்டும் உடனடி விடுதலையும் ஆண்டுக்கு 30 டாலரும். மவுண்ட் வெர்னன் என்ற அவருடைய பண்ணையில் இருந்த 317 பேரில் 153 பேர், மார்த்தாவின் முதல் கணவர் வழிச் சொத்து. அவர்களை விடுவிக்க ஜார்ஜுக்குச் சட்டப்படி உரிமை இல்லை. கணவன் ஒரு பட்டியலிலும் மனைவியும் பிள்ளைகளும் மறு பட்டியலிலும் இருந்த குடும்பங்கள் பல. மார்த்தா 1801 ஜனவரி 1 முதல் ஜார்ஜின் அடிமைகளை விடுவித்தார். 1802இல் அவர் இறந்தபின் மற்றவர்கள் அவருடைய பேரப்பிள்ளைகள் நால்வருக்குப் பங்கு பிரிக்கப்பட்டார்கள். ஜார்ஜ் 1799இலேயே எழுதிவைத்த பட்டியலில் யார் யாருக்கு மனைவி, யார் யாருடைய பிள்ளை என்ற குறிப்பும் இருக்கிறது. அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்களுக்கு இன்று அதுதான் பங்குப் பதிவேடு, அதுதான் திருமணச் சான்று.

ஜார்ஜின் தம்பி ஜான் அகஸ்டினுடைய மனைவி ஹன்னா. இவரும் உயில் எழுதினார். அதில் ஒரு சிறுவனுக்காகத் தனியே ஒரு பகுதி. வெஸ்ட் (பின்னாளில் வெஸ்ட் ஃபோர்டு) என்ற பையனுக்கு விரைவில் அம்மை குத்தப்பட வேண்டும். நல்ல தொழிலாளி ஒருவரிடம் வேலை பழக விட வேண்டும். 21 வயதானதும் அவன் விடுதலை பெற வேண்டும். மற்ற அடிமைகளுக்கு இல்லாத இந்த அக்கறை ஏன் என்று இரண்டு நூற்றாண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஜார்ஜ் வாஷிங்டனே அவருடைய தந்தை என்பது வெஸ்ட் ஃபோர்டின் வழித்தோன்றல்கள் வாய்வழியாகக் காத்துவரும் செய்தி. வரலாற்றாளர் பலர் அதை ஏற்பதில்லை. ஹன்னாவின் மகன் புஷ்ராட் 1829இல் இறந்தபோது, அவருடைய உயிலிலும் வெஸ்ட் ஃபோர்டுக்கு நிலம் இருந்தது. வெஸ்ட் அதை விற்று 1833இல் 214 ஏக்கர் வாங்கினார். அங்கே உருவான கம் ஸ்பிரிங்ஸ் என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பு மவுண்ட் வெர்னனுக்கு அருகே இன்றும் இருக்கிறது.

ஹன்னாவின் உயில் அந்தச் சிறுவனை 'வீனஸின் மகன்' என்று குறிக்கிறது. தந்தையின் பெயர் அதில் இல்லை.